நாடகம் பார்த்தாச்சு, இனி என்ன எழுதுவது?

குன்னூரில் இருந்து முதுகலைத் தமிழ் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தில்லைக்குப் போக ஏங்கிக் கடைசியில் தீயில் புகுந்த நந்தனாரைப் பற்றிய நாடகம், இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை'. அதைக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதினாராம். பேராசிரியர் "இது ரிவியூ, ஆய்வு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதையே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினால், "ஆய்வுக்கட்டுரை மாதிரி இருக்கிறது, ரிவியூவாக எழுதித் தாருங்கள்" என்கிறார்கள். மதிப்புரை, விமர்சனம், திறனாய்வு, ஆய்வு எல்லாம் வேறு வேறா, எதை எப்படி எழுதுவது என்பது அவர் கேள்வி. நான்கு பக்கத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்.

தம்பி, படித்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். இரண்டரைப் பக்கம் கதைச் சுருக்கம். ஒரு பக்கம் ஆசிரியர் வரலாறு. நடிப்பைப் பற்றி ஒரே வரி: "நடிகர்கள் தத்தம் பாத்திரங்களைச் செவ்வனே செய்திருந்தனர்." இந்த வரியைத் தமிழ்நாட்டில் எந்த நாடகத்துக்கும், ஆண்டுவிழாவுக்கும், ஏன் சர்க்கஸுக்கும்கூட எழுதலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில், நீங்களே கவனிக்காமல், ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "கடைசியில் தீ வரவில்லை. ஹாலில் இருந்த எல்லா டியூப்லைட்டும் எரிந்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்." உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் புத்தகத்தைப் படித்த யாரும் எழுதிவிடலாம். இதை அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்தான் எழுத முடியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வாலிப வயதில் குன்னூரில் ஒரு நாடகம் பார்க்கப் போனேன். கோத்தகிரிக்குக் கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு. நாடகம் தாமதமாகத் தொடங்கியது. கடைசிக் காட்சிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது எழுந்து ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தேன். அச்சில் வந்த பிரதிதான் கையில் இருக்கிறதே, அதில் இருக்கும் முடிவை வைத்து எழுதி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். அச்சாகியும் வந்தது. இரண்டு வாரம் கழித்து இயக்குநரிடமிருந்து ஒரு கார்டு: "கடைசிக் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது மிக நன்றாக இருந்தது. நாங்கள் அந்தக் காட்சியைப் போடவில்லை." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகவே பெயர்களைப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அச்சில் இருக்கும் பிரதி ஒன்று. அன்று இரவு மேடையில் நடந்தது இன்னொன்று. நம் ஊரில் நாடகம் பற்றி வரும் எழுத்தில் பெரும்பகுதி முதலாவதைப் பற்றியது, அதற்கு இரண்டாவதின் தேதியும் இடமும் போட்டுவிடுகிறோம். பிரதியைப் பற்றி மட்டும் எழுதுவது தப்பில்லை. பிரதியைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதவேண்டும், அவ்வளவே.

பிரதிக்கும் நிகழ்வுக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு, நந்தன் கதையை ஒட்டியே ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதி முடித்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி அதன் முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டுப் போனார். பிள்ளை இலக்கணக்காரர். கீர்த்தனையில் இருந்த வழுக்கள் அவரை உறுத்தின. இல்லை என்று சொல்லவும் மனமில்லை, தரவும் மனமில்லை. நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் காத்திருந்தபோது தம் பாட்டைத் தாமே பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளை உருகிப்போய் வெளியே வந்து பாயிரம் தந்தார். உ.வே.சாமிநாதையர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் தெரிந்த பிழை காதில் விழவில்லை. அந்தப் பெரிய புலவர் அன்றைக்குத் தம் அளவுகோலை மாற்றிக்கொண்டார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. நம்மில் எத்தனை பேர் மாற்றிக்கொள்வோம்?

சிறப்புப்பாயிரமும் அரங்கேற்றமும்கூட விமர்சன வடிவங்கள்தான் என்பதை மறக்கவேண்டாம். சபையில் வைத்துப் படி, தடை கேட்பவன் கேட்கட்டும், விடை சொல் என்பது நமக்குப் பழக்கமான முறை. அரங்கை அளந்து எழுதுவதும் புதிதல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடை ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு வருகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகளின் வகையும் வருகிறது. இளங்கோ மேடையை அளந்து வைத்திருக்க, நீங்கள் கோத்தகிரி ஹாலின் மேடை எவ்வளவு பெரியது என்றுகூடச் சொல்லவில்லை.

நாடகத்தை யார் எடைபோடுவது என்ற கேள்விக்கு வடமொழி நாட்டிய சாஸ்திரம் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது, 27ஆம் அத்தியாயம். பார்வையாளர் சிரிப்பது, "ஆகா" என்பது, மயிர்க்கூச்செறிவது, எழுந்து நிற்பது, மோதிரத்தைக் கழற்றிக் கொடுப்பது எல்லாம் மனித வகை வெற்றி. அரங்கு நிறைந்திருந்தும் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தால் அது தெய்வ வகை வெற்றி. கைதட்டலைவிட அமைதியை மேலே வைத்த அந்த நூலாசிரியரை எனக்குப் பிடிக்கும். இடையூறுகளுக்கும் பட்டியல் உண்டு: காற்று, தீ, மழை, பாம்பு, எறும்பு, யானை நுழைவது. ஊருக்குள் யானை வரும் கூடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது வசனம் காதில் விழாமல் போவதைக் கோத்தகிரிக்காரர்களுக்கும் விளக்கத் தேவையில்லை. நடிகர் கத்தினார் என்று குறை எழுதும்முன் வெளியே மழை பெய்ததா என்று பாருங்கள்.

அதே அத்தியாயத்தில் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லப் பத்துப் பேர் வருகிறார்கள். வேள்வி தெரிந்தவர், நடிகர், யாப்பு அறிந்தவர், இலக்கணி, அரசன், வில்லாளி, ஓவியர், கணிகை, இசைவாணர், அரசு அலுவலர். வில்லாளி எதற்கு? நடிகர் நிற்கும் நிலை சரியா என்று சொல்ல. கணிகை காதல் காட்சியை மதிப்பிட. அரசன் அரச வேடத்தின் மிடுக்கைப் பார்க்க. யாரும் மொத்த நாடகத்துக்கும் மதிப்பெண் போடவில்லை, அவரவர் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள். இப்போது நட்சத்திரக் குறி போடுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வகைகளைப் பெயரால் பிரிக்காதீர்கள்; மதிப்புரை, விமர்சனம், திறனாய்வு என்ற சொற்களை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். யாருக்காக எழுதுகிறோம், அவர் அந்த நாடகத்தைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இன்னும் பார்க்காதவருக்கு எழுதுவது ரிவியூ. போகலாமா வேண்டாமா என்பதுதான் அவர் கவலை. முடிவைச் சொல்லக்கூடாது, கதைச் சுருக்கம் நாலு வரிக்கு மேல் போகக்கூடாது, நாளைக் காலையிலேயே வந்துவிடவேண்டும். தமிழில் இதைச் சுவையாக எழுதிக் காட்டியவர் கல்கி. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை அவர் எழுதியபோது, கச்சேரிக்கோ நாடகத்துக்கோ போகாதவர்களும் படித்தார்கள். ரிவியூவில் எழுதுகிறவரின் குணம் தெரிந்தால் குற்றமில்லை. ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் பக்கத்திலேயே இருந்தால் கஷ்டம். 1767இல் ஹாம்பர்க் நகரத்து நாடக அரங்கு லெஸ்ஸிங் என்ற ஜெர்மன் எழுத்தாளரைத் தன் நாடகங்களைப் பற்றித் தானே எழுதும் வேலைக்கு வைத்துக்கொண்டது. நடிகர்கள் முகம் சுளித்ததும் அவர் நடிப்பைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டு, நாடகக் கொள்கை பக்கம் போய்விட்டார். உலகுக்கு ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது. அந்த நடிகர்கள் எப்படி நடித்தார்கள் என்பதைப் பெரும்பாலும் இழந்தோம். நீலகிரி மாதிரிச் சின்ன ஊரில் நாடகம் போட்டவரை மறுநாள் காய்கறி மார்க்கெட்டில் பார்க்கவேண்டியிருக்கும். லெஸ்ஸிங்கின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

பார்த்தவருக்கு எழுதுவது விமர்சனம். இங்கே முடிவை மறைக்க அவசியமில்லை, முடிவைத்தான் பேசவேண்டும். ஒரு வாதம் வேண்டும், அந்த வாதத்துக்கு மேடையிலிருந்து சான்று வேண்டும். 'நாடகவெளி' இதழில் வெளி ரங்கராஜன் போன்றவர்கள் செய்ய முயன்றது இதைத்தான். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறைக்குப் பிறகு தமிழில் புதுவித நாடகங்கள் வந்தன; உடல், வெளி, ஒளி பற்றிப் பேச ஒரு மொழி தேவைப்பட்டது. அந்த மொழி இன்னும் முழுதாகப் பழகவில்லை என்பேன். 'வெளி', 'உடல்மொழி' என்ற சொற்களை மிளகுத்தூள் மாதிரி தூவிவிட்டு, நடிகர் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பதைச் சொல்லாத கட்டுரைகள் ஏராளம்.

அந்த நாடகத்தை ஒருபோதும் பார்க்க முடியாதவருக்கு, இருபது வருஷம் கழித்து வரப்போகிறவருக்கு எழுதுவதுதான் ஆய்வு. அதனால்தான் அதில் தேதி, இடம், எத்தனையாவது காட்சி, பிரதியில் எது வெட்டப்பட்டது என்று அத்தனையும் வேண்டும். சரிபார்க்க முடியாத எதையும் சொல்லக்கூடாது. அதற்குள்ளும் கிளைகள் பல. இலக்கணம் வகுப்பது ஒன்று: பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்று செய்யுளிலேயே நாடகத்துக்கு இலக்கணம் எழுதினார். ஒப்பிடுவது இன்னொன்று: விபுலானந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கண நூலான தசரூபகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சமூக வரலாறாகப் பார்ப்பது மற்றொன்று: கா.சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைப் பற்றி எழுதிய ஆய்வு அந்த வகை. நடிகரே எழுதும் நினைவுக்குறிப்பை ஆய்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' இல்லாவிட்டால் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பற்றி நாம் பேசுவதில் பாதி இருக்காது.

பாத்திரத்தை உயிருள்ள மனிதராக நினைத்து அலசும் முறை தனி. ஆங்கிலத்தில் 1904இல் பிராட்லி ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை அப்படி அலசினார், 1933இல் நைட்ஸ் என்பவர் "லேடி மக்பெத்துக்கு எத்தனை பிள்ளைகள்?" என்ற தலைப்பு வைத்தே அதைக் கிண்டல் செய்தார். நம் பட்டிமன்றங்கள் இன்னும் பிராட்லி கட்சிதான். உங்கள் கட்டுரையிலும் "நந்தன் அப்போதே ஊரைவிட்டுப் போயிருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. போயிருந்தால் நாடகம் ஏது தம்பி?

இன்னொரு வடிவம் உண்டு, கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள். நாடகத்துக்கு நாடகத்தாலேயே பதில் சொல்வது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மாசி மாதம் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரிப்பார், ரதி அழுவாள், தப்புமேளம் விடியும்வரை முழங்கும். மறுநாள் காலையில் மலையில் கொழுந்து பறிக்கும்போதுதான் விமர்சனம் நடக்கும். "இந்த வருசம் ரதி அழுகை பத்தலை." "போன வருசம் கட்டுனவன் குந்திக்கிட்டு அழுதான், இவன் நின்னுக்கிட்டே அழுவுறான், அதான்." நிரைக்கு நிரை பேச்சு தாண்டிப் போகும். சாயங்காலத்துக்குள் கூத்தைச் சொல்லிக்கொடுக்கும் காமன் மாஸ்டர் காதுக்கு வந்துவிடும். அடுத்த வருஷம் ரதி குந்தித்தான் அழுவாள். யாரும் எழுதாத அந்த இரண்டு வரியில் ஒப்பீடு இருக்கிறது, சான்று இருக்கிறது, காரணமும் இருக்கிறது. உங்கள் "செவ்வனே"வை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தஞ்சைப் பக்கத்து லாவணி என்ற பாட்டுப்போட்டியில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். இரவெல்லாம் பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். ஒரு நாடகத்தின் முடிவுக்கு என்ன பொருள் என்று கேட்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

நந்தனும் இப்படித்தான் வளர்ந்தான். சுந்தரர் "திருநாளைப் போவார்க்கும் அடியேன்" என்று பெயரை மட்டும் சொல்லிப் போனார். சேக்கிழார் அதை வாழ்க்கையாக விரித்தார். அவரிடம் தில்லைத் தீயில் புகுந்தவர் பூணூல் அணிந்த முனிவராக எழுந்து வருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரை, நந்தனைப் போகவிடாத பண்ணையாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்திரா பார்த்தசாரதியின் நாடகத்தில் தீ புனிதப்படுத்தவில்லை, கொல்கிறது. ஒவ்வொரு பிரதியும் முந்தையதற்கு எழுதிய விமர்சனம்தான். கடைசியில் கோத்தகிரி ஹாலில் ஒருவர் தீயே இல்லாமல் டியூப்லைட்டைப் போட்டிருக்கிறார்.

இப்போது அந்த ஒரு கணத்தை மூன்று விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

ரிவியூ: "முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். செலவே இல்லாமல் இயக்குநர் ஒரு வித்தை செய்திருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்க்க வைக்கிறார்."

விமர்சனம்: "தீயைக் காட்டியிருந்தால் நாம் அனுதாபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஹால் விளக்குகள் எரிந்ததும் இருட்டில் ஒளிந்திருந்த பார்வையாளர் தில்லையில் கூடி நின்ற கூட்டமாக ஆகிவிடுகிறார். ஆனால் இதற்கு முந்தைய காட்சிகளில் பார்வையாளரை ஒருமுறையும் நேரே பார்க்காத தயாரிப்பு, கடைசி நிமிடத்தில் மட்டும் நம்மைக் குற்றவாளி ஆக்குவது திடீரென்று இருக்கிறது."

ஆய்வு: "சேக்கிழாரில் மாற்றத்தின் வாயிலாகவும் இந்திரா பார்த்தசாரதியில் கொலைக்கருவியாகவும் வரும் தீ, இந்நிகழ்வில் காட்சிப்பொருளாக இடம்பெறவில்லை. அதன் இடத்தில் அரங்கின் பொதுவிளக்குகள் ஏற்றப்பட்டன. மேடையில் நடிகர் அசையாமல் நின்றிருந்தார். தப்பிசை ஏற்கெனவே நின்றிருந்தது..." இப்படி. நடிகர் அசையாமல் நின்றார், தப்பு நின்றிருந்தது என்பது நான் ஊகித்து எழுதியது. நீங்கள்தான் பார்த்தீர்கள். உண்மையில் என்ன நடந்தது என்று நிரப்புங்கள். நினைவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், என்னைப் போல அச்சுப் பிரதியைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

இனிமேல் நாடகத்துக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் எழுதவேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு. முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, கருத்து ஒன்றும் இல்லாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். மேடையில் என்னென்ன பொருள் இருந்தன, யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எங்கே சிரிப்பு வந்தது, எங்கே வரவேண்டிய சிரிப்பு வரவில்லை. நன்றாக இருந்தது, சுமார் என்ற சொற்களை அந்த நோட்டில் விடாதீர்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வைத்தார்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு உணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. உங்களுக்கு எது எங்கே வந்தது என்று ஓரத்தில் ஒரு சொல் போட்டுவைத்தால் பிறகு உதவும். விளக்கு எரிந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்தீர்களே, அது இளிவரலா அச்சமா? அதைச் சொன்னாலே விமர்சனத்தில் பாதி முடிந்தது.

பார்வையாளர் யார் என்பதையும் குறியுங்கள். யாரோ ஒருவருக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டே இருக்கும் பெக்கெட்டின் கோடோ நாடகம் 1957இல் அமெரிக்காவில் சான் குவென்டின் சிறையில் போடப்பட்டது. படித்தவர்களைக் குழப்பிய நாடகம். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தக் கைதிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மார்ட்டின் எஸ்லின் 1961இல் அபத்த நாடகம் பற்றி எழுதிய புத்தகத்தை அந்தச் சம்பவத்தோடுதான் தொடங்கினார். கோத்தகிரி ஹாலில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? தோட்டத்து ஆட்களா, மாணவர்களா, விடுமுறைக்கு வந்தவர்களா? நந்தன் கதை இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு நாடகம்.

பேராசிரியரிடம் திரும்பப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கோத்தகிரிக்கு ஒருமுறை வந்து, அந்த டியூப்லைட் சுவிட்சைப் போட்டது யார் என்று விசாரியுங்கள். இயக்குநர் சொல்லிப் போட்டதா, இல்லை நேரமாகிவிட்டது என்று ஹால் வாட்ச்மேன் போட்டுவிட்டாரா? பத்திரிகைக்கு எழுதுவதென்றால் கேட்காமலும் எழுதலாம். உங்கள் கண்ணுக்கு அது நாடகத்தின் முடிவுதான். ஆய்வுக்குக் கேட்டே ஆகவேண்டும். வாட்ச்மேன்தான் போட்டார் என்றால் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த ஊரில் அதே நாடகம் போடும்போது அந்த விளக்கை எரியவிட்டார்களா என்று போய்ப் பாருங்கள். கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.